ஐ-129 படிவம் பகுதி 6: ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சான்றில் எந்தப் பெட்டி, யார் முடிவு செய்வது?

தேன்மொழி_எச்ஆர்

டெக்சாஸில் தெர்மல் கேமரா மாட்யூல் செய்யும் சிறிய கம்பெனி. இந்த வருட எச்-1பி லாட்டரியில் இரண்டு பேர் தேர்வாகியிருக்கிறார்கள், இருவரும் இந்தியக் குடிமக்கள். ஒருவருக்குக் கேமரா கோர் வடிவமைப்பில் வேலை, இன்னொருவருக்கு மொபைல் ஆப்பில். இதுபோக யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடா குடியுரிமை பெற்ற ஒரு பொறியாளர் டிஎன் (கனடா, மெக்சிகோ குடிமக்களுக்கான வேலை அனுமதி) அந்தஸ்தில் சேரப் போகிறார்.

வேலை விசாவுக்கு முதலாளி போடும் ஐ-129 மனுவுக்காகக் குடிவரவு வக்கீல் அலுவலகத்திலிருந்து வந்த கேள்வித்தாளில் "ஏற்றுமதி உரிமம் தேவையா, இல்லையா" என்று ஒரே ஒரு வரி. இதுவரை எல்லா மனுக்களிலும் "தேவையில்லை" என்றே போயிருக்கிறது. நாங்கள் எதையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. இந்த வரிக்கு எதைப் பார்த்துப் பதில் எழுத வேண்டும்? வக்கீல் சொல்வாரா, எங்கள் பொறியியல் பிரிவு சொல்ல வேண்டுமா?

ஈசிசிஎன்_முத்து

பொறியியல் பிரிவுதான் சொல்ல வேண்டும், மேடம். எந்தக் கோப்பை யார் திறப்பார்கள் என்பது வக்கீலுக்குத் தெரிய வழியில்லை.

சரக்கு எதுவும் எல்லை தாண்டாவிட்டாலும் இந்தச் சட்டம் பொருந்தும். கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தொழில்நுட்பத்தையோ சோர்ஸ் கோடையோ அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு வெளிநாட்டவர் பார்க்கக் கொடுத்தால், அவருடைய நாட்டுக்கே அதை ஏற்றுமதி செய்ததாகக் கணக்கு. இதைத்தான் டீம்ட் எக்ஸ்போர்ட் என்கிறார்கள். வரைபடத்தைக் காட்டுவது, மீட்டிங்கில் வாயால் விளக்குவது, லேபில் கருவியைத் திறந்து உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்று புரியும்படி பார்க்க விடுவது, எல்லாம் இதில் வரும். தொகுக்கப்பட்ட ஆப்ஜெக்ட் கோடு மட்டும் இதில் வராது.

இரண்டு சட்டத் தொகுப்புகள் இருக்கின்றன. வணிகத் துறையின் பிஐஎஸ் நடத்துவது ஈஏஆர். வணிகப் பொருள், ராணுவத்துக்கும் சிவிலுக்கும் பயன்படும் பொருள் எல்லாம் அதில். வெளியுறவுத் துறையின் டிடிடிசி நடத்துவது ஐடார், அது ராணுவத் தளவாடங்களுக்கு. பகுதி 6 இரண்டையும் படித்துப் பார்த்ததாக உங்கள் கம்பெனியைச் சான்று கொடுக்கச் சொல்கிறது. முதல் பெட்டி, இந்த நபருக்கு இந்தத் தொழில்நுட்பத்தை வெளிப்படுத்த உரிமம் தேவையில்லை என்பது. இரண்டாம் பெட்டி, உரிமம் தேவை, அது கிடைக்கும்வரை அவரை அந்தத் தொழில்நுட்பத்திடம் நெருங்க விடமாட்டோம் என்பது. "நாங்கள் ஏற்றுமதி செய்வதில்லை" என்று எழுத மூன்றாவது பெட்டி கிடையாது.

இந்தச் சான்று 2011 பிப்ரவரி 20 முதல் கட்டாயம். எச்-1பி, எச்-1பி1, எல்-1, ஓ-1ஏ மனுக்களுக்கு மட்டும்.

மனுத்தாள்

பாராலீகல் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். பகுதி 6-க்குத் தனிக் கையெழுத்து இல்லை. பகுதி 7-இல் மனுதாரர் போடும் கையெழுத்து முழுப் படிவத்துக்கும் பொருந்தும், பொய் சொன்னால் குற்றம் என்ற உறுதிமொழியோடு. வக்கீலுடைய கையெழுத்து தயாரிப்பாளர் என்ற இடத்தில்தான் வரும். ஆகவே இந்தச் சான்றின் பொறுப்பு முழுக்கக் கம்பெனியுடையது.

இரண்டாம் பெட்டியை டிக் செய்தால் விசா மனு தள்ளுபடியாகும் என்று பல முதலாளிகள் பயப்படுகிறார்கள். எச்-1பி தகுதிக்கு அது அளவுகோலே இல்லை. அந்தப் பயத்தில் முதல் பெட்டிக்குப் போவதுதான் ஆபத்து.

தேன்மொழி_எச்ஆர்

நன்றி முத்து சார். எங்கள் விற்பனைப் பிரிவைக் கேட்டேன். "நம் கேமரா 9 ஹெர்ட்ஸ் மாடல், பெரிய கட்டுப்பாடு இல்லாத வகை, உலகம் முழுக்க விற்கிறோம்" என்கிறார்கள். அப்படியானால் முதல் பெட்டி போதுமா?

ஈசிசிஎன்_முத்து

போதாது. நிறையக் கம்பெனிகள் தவறுவது இந்த இடத்தில்தான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

விற்பனைப் பிரிவு சொல்வது பொருளின் வகைப்பாடு. உங்களுக்கு வேண்டியது தொழில்நுட்பத்தின் வகைப்பாடு. ஈசிசிஎன் (ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு வகைப்பாட்டு எண்) என்ற ஐந்து எழுத்துக் குறியீட்டில் முதல் இலக்கம் துறையைச் சொல்லும், 6 என்றால் சென்சாரும் லேசரும். இரண்டாவது எழுத்து என்ன மாதிரிப் பொருள் என்று சொல்லும்: ஏ என்றால் கருவி, பி சோதனை மற்றும் உற்பத்திக் கருவி, சி மூலப்பொருள், டி மென்பொருள், ஈ தொழில்நுட்பம். விற்பவர் ஏ-வைப் பார்க்கிறார். வேலைக்கு ஆள் எடுப்பவர் ஈ-யையும், சோர்ஸ் கோடு இருந்தால் டி-யையும் பார்க்க வேண்டும்.

குளிர்விக்காத மைக்ரோபோலோமீட்டர் (வெப்பத்தை உணரும் சென்சார்) கேமரா சாதாரணமாக 6ஏ003-இல் வரும். வினாடிக்கு 9 பிரேமுக்கு மேல் போகாதபடி செய்தால் அது 6ஏ993-க்கு இறங்கிவிடும், கட்டுப்பாடு வெகுவாகத் தளரும். உங்கள் விற்பனைப் பிரிவு சொல்வது இந்த வகையில் சரி. ஆனால் அந்த 9 ஹெர்ட்ஸ் எங்கே கட்டுப்படுத்தப்படுகிறது? பல தயாரிப்புகளில் ஒரே கோர், ஒரே போர்டு, ஃபர்ம்வேரில் மட்டும் பூட்டு. 30 அல்லது 60 ஹெர்ட்ஸில் ஓடும் வடிவமைப்பின் கோப்புகளும் அதே சர்வரில் இருக்கும். 6ஏ003 வகைக் கேமராவை உருவாக்கத் தேவையான தொழில்நுட்பம் 6ஈ001. அதை உற்பத்தி செய்யத் தேவையானது 6ஈ002. கட்டுப்பாடு தளர்ந்த பொருளுக்கும் அதே தொழில்நுட்பம் பயன்படுகிறது என்பதால் அதன் கட்டுப்பாடு போய்விடாது என்று பொதுத் தொழில்நுட்பக் குறிப்பு தெளிவாகவே சொல்கிறது. சென்சார் அணி தனியாக 6ஏ002-இல் வருகிறது, அதன் வடிவமைப்பு விவரமும் உங்களிடம் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

"தேவையான" என்பதற்கும் எல்லை உண்டு. கட்டுப்பாட்டு அளவுகோலை எட்டவோ தாண்டவோ தனிச்சிறப்பாகக் காரணமாக இருக்கும் தகவல் மட்டும்தான் கணக்கு. பேட்டரி மூடியின் பிளாஸ்டிக் வரைபடம் அந்தக் கேமராவுக்குள்ளேயே இருந்தாலும் அதில் சேராது. பிக்சல் சீரின்மையைத் திருத்தும் அல்காரிதம், கேலிப்ரேஷன் முறை, ரீட்அவுட் நேரக்கணக்கு போன்றவற்றைத்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

அடுத்து நாட்டுப் பட்டியல். 6ஈ001-இன் இந்தக் கேமரா பகுதிக்குத் தேசியப் பாதுகாப்பு, பிராந்திய நிலைத்தன்மை என்று இரண்டு காரணங்களும் பட்டியலின் முதல் நெடுவரிசையில். முதல் நெடுவரிசை என்றால் கனடா தவிர எல்லா நாட்டுக்கும் உரிமம் வேண்டும். இந்தியாவுக்கும் வேண்டும். எழுத்துமூல உறுதி வாங்கிக்கொண்டு போகும் டிஎஸ்ஆர் விதிவிலக்கு இங்கே உதவாது. அது தேசியப் பாதுகாப்பு ஒன்றே காரணமாக இருக்கும் தொழில்நுட்பத்துக்கு மட்டும். 2018 ஆகஸ்டில் இந்தியாவை ஏ:5 நாட்டுக் குழுவில் சேர்த்ததால் எஸ்டிஏ என்ற இன்னொரு விதிவிலக்கு பேச்சுக்கு வரும். ஆனால் அந்தந்த ஈசிசிஎன் பக்கத்தில் எஸ்டிஏ-வுக்குத் தனி விலக்குகள் எழுதியிருக்கும், அவற்றைப் படிக்காமல் யாரும் கைவைக்க வேண்டாம்.

ஆக, கோர் வடிவமைப்புப் பொறியாளர் அந்தக் கோப்புகளைத் தொடுவார் என்றால் அவருக்கு இரண்டாம் பெட்டி. மொபைல் ஆப் எழுதுபவர் ஏபிஐ ஆவணமும் தொகுத்த எஸ்டிகேயும் மட்டும் பார்க்கிறார் என்றால் முதல் பெட்டி. ஒரே கம்பெனி, ஒரே நாட்டுக்காரர்கள், வேறு வேறு பெட்டி.

பொறிப்பட்டறை

"பயன்பாடு" பற்றி யாரும் சொல்லவில்லையே என்று இடையில் வருகிறேன். எங்கள் பக்கம் ஐந்து அச்சு மெஷினிங் சென்டர்கள். அவை 2பி001 வகை என்பதால் வெளிநாட்டு ஆபரேட்டரை மெஷின் பக்கமே விடக்கூடாது என்று சில கடைகளில் நடக்கிறது. அது தேவையற்ற பயம். ஈஏஆரில் "பயன்பாட்டுத் தொழில்நுட்பம்" என்றால் இயக்குதல், நிறுவுதல், பராமரித்தல், பழுது நீக்குதல், முழுமையாகப் பிரித்துச் சீரமைத்தல், புதுப்பித்தல் ஆகிய ஆறும் சேர்ந்திருக்க வேண்டும். மெஷினை ஓட்டத் தெரிந்துகொள்வது மட்டும் அந்த வரையறைக்குள் வராது. ஓட்டும் மெஷின் ஒரு விஷயம், அதில் வெட்டப்படும் பாகத்தின் வரைபடம் வேறு விஷயம். அந்த வரைபடம்தான் பெரும்பாலும் பிரச்சினை.

ஈசிசிஎன்_முத்து

சரியான குறிப்பு. ஆனால் இரண்டு எச்சரிக்கை. 9ஈ610 மாதிரி 600 வரிசைக் குறியீடுகளில் அந்த ஆறுக்கும் நடுவே "அல்லது" என்று எழுதியிருக்கும், ஒன்று இருந்தாலே போதும். ஐடாரிலோ தொழில்நுட்பத் தரவு என்ற வரையறைக்குள் இயக்குவதற்கான தகவலும் நேராகவே வருகிறது. ராணுவ ஆர்டர் ஓடும் கடையில் ஈஏஆர் தளர்வை நம்பி ஆபரேட்டரிடம் பாகத்தின் ஆவணக் கோப்பைக் கொடுத்துவிடாதீர்கள்.

தேன்மொழி_எச்ஆர்

கனடா பொறியாளர் விஷயம்? டிஎன்-க்கு ஐ-129 போடவில்லை, எல்லையிலேயே வாங்கிக்கொள்கிறார். பகுதி 6 இல்லை என்றால் அவருக்கு எதுவும் பார்க்க வேண்டாம்தானே? அவரிடம் ஒசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) கேட்பதற்கும் வாய்ப்பில்லை, அவர் இலங்கை. ஆனால் எங்களிடம் ஒசிஐ அட்டை வைத்திருக்கும் கனடாக்காரர்களும் இருக்கிறார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மனுத்தாள்

படிவத்தில் கேட்கவில்லை என்பதால் சட்டம் பொருந்தாமல் போகாது மேடம். டிஎன், ஈ-3, ஜே-1, எஃப்-1 ஓபிடி (மாணவர் விசாவில் பயிற்சி வேலை), எச்-4 ஈஏடி (வேலை அனுமதி அட்டை) என்று எதில் வேலை செய்தாலும் அவர் வெளிநாட்டவர்தான். ஐ-140 (முதலாளியின் கிரீன் கார்டு மனு) ஒப்புதலாகிப் பல வருடம் வரிசையில் நிற்கும் நம்மவர்களும், ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) நிலுவையில் இருந்து ஈஏடியில் வேலை செய்பவர்களும் அதே நிலைதான். கிரீன் கார்டு கைக்கு வந்த நாளிலிருந்துதான் இரண்டு சட்டத்திலும் அவர் அமெரிக்க நபர். அகதி அந்தஸ்தோ அடைக்கலமோ பெற்றவர்கள் கிரீன் கார்டுக்கு முன்பே அந்த வகையில் வந்துவிடுவார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களில் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள், அவர்களை வெளிநாட்டவர் என்று தவறாகப் பட்டியலிட்டு வேலையை மறுப்பதும் சட்டமீறல்.

ஈசிசிஎன்_முத்து

நாட்டைக் கணக்கிடும் முறை இரண்டு சட்டத்திலும் வேறு. ஈஏஆர் கடைசியாகப் பெற்ற குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமையை மட்டும் பார்க்கும். உங்கள் யாழ்ப்பாணத்துக்காரர் ஈஏஆருக்குக் கனடாக்காரர். மேலே சொன்ன 6ஈ001-க்குக் கனடா வரிசையில் அந்த இரண்டு நெடுவரிசையிலும் குறி இல்லை, உரிமம் வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டோடு சமீபத்தில் கனடா நிரந்தர வசிப்புரிமை வாங்கியவரும் இந்தக் கணக்கில் கனடாதான்.

ஐடார் அப்படியில்லை. இப்போது வைத்திருக்கும் குடியுரிமை, முன்பு வைத்திருந்த குடியுரிமை, இப்போதைய நிரந்தர வசிப்புரிமை எல்லா நாடுகளுக்கும் ஏற்றுமதி செய்ததாக அது எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு ராணுவ இரவுப்பார்வைக் கருவி மாதிரி ஆயுதப் பட்டியலின் 12-ஆம் வகுப்பு வேலை இருந்தால், அவருக்கான விண்ணப்பத்தில் கனடாவும் வரும், இலங்கையும் வரும். சீனாவில் பிறந்து கனடா குடிமகனானவருக்கு இது இன்னும் கடுமை. ஐடாரின் 126.1 பிரிவில் இருக்கும் நாடுகளுக்கு மறுப்பதே கொள்கை, சீனா அதில் இருக்கிறது.

ஒசிஐ என்பது குடியுரிமை இல்லை. ஈஏஆருக்கு அதனால் எதுவும் மாறாது. ஐடாருக்கும் ஒசிஐ அட்டையால் அல்ல, முன்பு இந்தியக் குடிமகனாக இருந்தார் என்பதால்தான் இந்தியா கணக்கில் வரும். கனடாவிலேயே பிறந்து பெற்றோர் வழியில் ஒசிஐ வாங்கியவருக்கு இந்தியா வராது.

கிளையன்ட்சைட்

ஐடி சேவை நிறுவனங்களுக்கு இதில் தனிச் சிக்கல். மனுதாரர் நாங்கள், ஆள் உட்காருவது கிளையன்ட் அலுவலகத்தில், பார்க்கப் போவது கிளையன்டின் தொழில்நுட்பம். எங்களிடம் கட்டுப்படுத்தப்பட்ட எதுவும் இல்லை என்பதால் முதல் பெட்டி என்று எழுதுவது இந்தத் துறையில் பழகிப்போன பதில். ஆனால் பகுதி 6 கேட்பது அந்த நபருக்கு வெளிப்படுத்தப்படும் தொழில்நுட்பம் பற்றி, மனுதாரரின் அலமாரி பற்றி அல்ல.

செய்ய வேண்டியது இது. வேலை ஒப்பந்தத்தோடு கிளையன்டிடமிருந்து கடிதம் வாங்குங்கள்: இந்தத் திட்டத்தில் இந்தப் பதவிக்கு எந்தெந்த ரெபாசிட்டரி, ஆவணத் தொகுப்பு, சிஸ்டம் திறக்கப்படும், அவற்றின் ஈசிசிஎன் என்ன, ஐடார் தரவு உண்டா. "கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பம் எதுவும் பகிரமாட்டோம்" என்ற பொதுவாக்கியம் மட்டும் வந்தால் திருப்பி அனுப்பிக் குறியீட்டோடு கேளுங்கள். வங்கி, சில்லறை வணிகம், காப்பீட்டுக் கிளையன்ட் என்றால் பெரும்பாலும் ஈஏஆர்99 (தனிக் குறியீடு இல்லாத சாதாரணப் பொருள்) அல்லது பயங்கரவாதத் தடுப்புக் காரணம் மட்டும் உள்ள 5டி992 மாதிரியான குறியீடு, இந்தியக் குடிமகனுக்கு உரிமம் தேவைப்படாது. விமான இன்ஜின் கிளையன்டின் பிஎல்எம் (வடிவமைப்பு ஆவணங்களை வைத்திருக்கும்) சிஸ்டத்துக்கு சப்போர்ட் என்றால் கதையே வேறு. டர்பைனின் சூடான பகுதித் தொழில்நுட்பம் 9ஈ003-இல் இருக்கிறது, அட்மின் உரிமையோடு உள்ளே நுழைபவர் எல்லா வரைபடத்தையும் திறக்கலாம்.

இன்னொன்று. 2015-இல் வந்த சிமியோ தீர்ப்புக்குப் பிறகு பணியிடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால் திருத்த மனு போட்டே ஆக வேண்டும். அந்த மனுவிலும் பகுதி 6 உண்டு. பழைய கிளையன்ட் கடிதத்தை வைத்துப் புதிய கிளையன்டுக்கு டிக் செய்யக் கூடாது. அதே ஊருக்குள் கிளையன்ட் மாறித் திருத்த மனு தேவைப்படாமல் போனாலும் ஏற்றுமதிச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

பொறிப்பட்டறை

"உள்ளே நுழைபவர் திறக்கலாம்" என்பது பற்றி முத்து சாரிடம் ஒரு சந்தேகம். எங்கள் ஃபைல் சர்வரில் எல்லோருக்கும் எல்லாம் திறந்திருக்கிறது. திறக்க முடியும் என்பதே மீறலா, திறந்தால்தான் மீறலா?

ஈசிசிஎன்_முத்து

2016 செப்டம்பர் 1 முதல் அமலான வரையறைப்படி தொழில்நுட்பம் உண்மையில் தெரியவந்தால்தான் வெளிப்படுத்தல். திறக்க வாய்ப்பிருந்தது என்பது மட்டும் மீறல் ஆகாது. ஆனால் திறக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டிய நிலை வரும்போது உங்களிடம் லாக் இருக்க வேண்டும். ஃபைல் சர்வரில் வாசிப்பு லாக் பெரும்பாலும் இயக்கப்படாமலே கிடக்கும், இருந்தாலும் சில வாரத்தில் அழிந்துவிடும். அதோடு இரண்டாம் பெட்டியில் நீங்கள் கையெழுத்திட்டது "தடுப்போம்" என்று. எல்லோருக்கும் திறந்த சர்வர் தடுப்பாகாது.

இன்டெவாக் வழக்கு இதற்கு நல்ல பாடம். கலிஃபோர்னியாவில் 3ஈ001 தொழில்நுட்பத்தை ரஷ்யக் குடிமகனான ஊழியருக்கு வெளிப்படுத்தியதற்கு 2014-இல் 1,15,000 டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். உரிமம் தேவை என்று தெரிந்த பிறகும் அவருடைய அணுகல் நிறுத்தப்படவில்லை என்பதுதான் அதன் மையம்.

தொழில்நுட்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று ஒரு ஆவணம் எழுதச் சொல்வார்கள். நல்ல திட்டம் பத்துப் பக்கத்துக்குள் முடியும். எந்தக் கோப்புறை, எந்த கிட் ரெபாசிட்டரி, எந்த லேப் அறை, எந்த வாராந்திர மீட்டிங் என்று பெயரோடு இருக்க வேண்டும். அனுமதி தனி ஆள் பெயரில் இல்லாமல் குழுவாக, யாருக்கும் இல்லை என்பதிலிருந்து தொடங்கி. தவறு நடப்பது பெரும்பாலும் சர்வரில் இல்லை. வெள்ளைப் பலகையை அழிக்காமல் விட்டுப் போவது, டிசைன் ரிவ்யூ அழைப்பை மொத்தக் குழுவுக்கும் அனுப்புவது, திரைப் பகிர்வில் வேறு ஜன்னல் தெரிவது, சாட் சானலில் வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட், பட்டறைத் தளத்தில் டிராவலரோடு (பாகத்துடன் நகரும் வேலைத்தாள்) ஒட்டிய டிராயிங். ஐடி ஆட்கள் மறக்கும் இன்னொன்று, பேக்கப் சர்வரின் அட்மின் யார் என்பது.

தேன்மொழி_எச்ஆர்

உரிமம் வாங்க எவ்வளவு நாள், என்ன ஆவணம்? எச்-1பி தொடங்கும் அக்டோபர் 1-க்குள் வருமா?

ஈசிசிஎன்_முத்து

ஈஏஆர் என்றால் ஸ்னாப்-ஆர் தளத்தில் விண்ணப்பம், கட்டணம் கிடையாது. வணிகத் துறையோடு பாதுகாப்பு, எரிசக்தி, வெளியுறவுத் துறைகளும் பார்க்கும். 90 நாளுக்குள் முடிவெடுக்கவோ குடியரசுத் தலைவர் மட்டத்துக்கு அனுப்பவோ வேண்டும் என்பது விதி. ஆனால் அவர்கள் கேள்வி கேட்டுக் காத்திருக்கும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. ஏப்ரலில் எச்-1பி மனுவோடு சேர்த்தே உரிம விண்ணப்பத்தையும் தொடங்குங்கள். பிரீமியம் கட்டினால் மனுவுக்கு 15 வேலை நாளில் பதில் வந்துவிடும், உரிமம் அந்த வேகத்தில் வராது. இடைவெளியில் அவருக்குக் கொடுக்க வேறு வேலை தயாராக இருக்க வேண்டும்.

விளக்கக் கடிதம், கடவுச்சீட்டு மற்றும் விசா விவரம், முழு ரெஸ்யூமே, பதவி விவரம், தொழில்நுட்ப விவரம், கட்டுப்பாட்டுத் திட்டம் ஆகியவை வேண்டும். திரும்பி வரும் விண்ணப்பங்களில் குறை பெரும்பாலும் தொழில்நுட்ப விவரத்தில். "கேமரா வடிவமைப்பு" என்று எழுதினால் கேள்வி நிச்சயம் வரும். சென்சார் அணியின் பிக்சல் எண்ணிக்கை, பிக்சல் இடைவெளி மைக்ரானில், பிரேம் வேகம், அவர் உருவாக்கத்தில் இருப்பாரா உற்பத்தியிலா, எந்த வகை ஆவணம் வரை பார்ப்பார், எதைப் பார்க்கமாட்டார் என்று எண்களோடு எழுதுங்கள். ரெஸ்யூமேயில் இரண்டு வருட இடைவெளி விளக்கமில்லாமல் இருந்தாலும் விண்ணப்பம் நிற்கும்.

உரிமம் பொதுவாக 4 வருடத்துக்கு, நிபந்தனைகளோடு வரும். அது கம்பெனிக்குக் கொடுத்தது. அவர் வேலை மாறினால் புதுக் கம்பெனி தனியாக வாங்க வேண்டும், உங்களிடமே பதவி உயர்ந்து வேறு தயாரிப்புக்குப் போனாலும் பழைய உரிமத்தின் எல்லையைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஐடார் என்றால் முதலில் டிடிடிசி பதிவு, பிறகு அந்த ஊழியருக்கு டிஎஸ்பி-5 உரிமம், கூடவே ரகசியக்காப்பு ஒப்பந்தம்.

இன்னும் ஒன்று, நம்மவர்களுக்கு அடிக்கடி நேர்வது. உரிமம் அமெரிக்காவுக்குள் வெளிப்படுத்தத்தான். ஊருக்குப் போய் ஒரு மாதம் சென்னையிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று லேப்டாப்பைக் கொண்டுபோய் அந்தக் கோப்புகளைத் திறந்தால் அது இந்தியாவுக்கு நேரடி ஏற்றுமதி, டீம்ட் இல்லை. விடுப்பு விண்ணப்பத்திலேயே இதைக் கேட்கும்படி வையுங்கள்.

ஆய்வக_நிலா

பல்கலைக்கழகப் பக்கம் ஒரு குறிப்பு. போஸ்ட்டாக் ஆட்களுக்கு எச்-1பி அல்லது ஓ-1ஏ போடும்போது "அடிப்படை ஆராய்ச்சி, ஆகவே முதல் பெட்டி" என்று எழுதுவது வழக்கம். தடையில்லாமல் வெளியிடும் நோக்கமுள்ள ஆராய்ச்சியின் விளைவுகளுக்கு அந்த விலக்கு உண்டு. ஆராய்ச்சிக்கு உள்ளே வரும் தகவலுக்கு இல்லை. ஸ்பான்சர் ரகசியக்காப்பில் கொடுத்த சிப் வடிவமைப்பு விவரம், வெளியிடும் முன் ஸ்பான்சர் அனுமதி வேண்டும் என்ற ஒப்பந்த வரி, இரண்டும் விலக்கை உடைக்கும். டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரீஸ் ராத் விமானப்படை ஒப்பந்தத்தின் ஐடார் தரவைச் சீன, ஈரானிய மாணவர்களுக்குத் திறந்துவிட்டதற்கு 2009-இல் 48 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பிஐ-யிடம் (ஆராய்ச்சித் திட்டத் தலைவர்) மின்னஞ்சலில் "அடிப்படை ஆராய்ச்சிதானே?" என்று கேட்டு "ஆம்" வாங்கிக் கோப்பில் வைப்பது சோதனை ஆகாது. ஒப்பந்தத்தைத் திறந்து வெளியீட்டுப் பிரிவைப் படியுங்கள்.

கிளையன்ட்சைட்

என்க்ரிப்ஷன் பற்றியும் ஒரு வரி. 5டி002 சோர்ஸ் கோடு, 5ஈ002 தொழில்நுட்பம் என்று பார்த்துவிட்டு உடனே இரண்டாம் பெட்டிக்கு ஓட வேண்டாம். ஈஎன்சி விதிவிலக்கில் அமெரிக்கக் கம்பெனி தன் வெளிநாட்டு ஊழியர், ஒப்பந்தப் பணியாளர், இன்டர்ன்களுக்கு உள்பயன்பாட்டுக்குக் கொடுக்க இடம் உண்டு, ஈ:1, ஈ:2 நாட்டுக் குழுக்களின் குடிமக்கள் தவிர. இந்தியர்களுக்கு அது போதும். ஆனால் எந்த விதிவிலக்கின் எந்த உட்பிரிவு என்று எழுதிக் கோப்பில் வையுங்கள்.

தேன்மொழி_எச்ஆர்

இதையெல்லாம் பார்க்கும்போது விண்ணப்பப் படிவத்திலேயே எல்லோரிடமும் குடியுரிமை, பிறந்த நாடு, கடவுச்சீட்டு நகல் வாங்கிவிட்டால் எளிது என்று மேலாளர் சொல்கிறார்.

மனுத்தாள்

வேண்டவே வேண்டாம். அது இன்னொரு சட்டத்தில் மாட்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2023 ஏப்ரலில் நீதித்துறையோடு 3,65,000 டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. ஏற்றுமதிச் சோதனை என்ற பெயரில் கிரீன் கார்டுக்காரர்களிடம் காலாவதியாகாத வெளிநாட்டுக் கடவுச்சீட்டைக் கட்டாயமாகக் கேட்டதும், அந்தச் சோதனையை ஐ-9 (வேலை செய்யும் தகுதி) சரிபார்ப்போடு கலந்ததும்தான் குற்றச்சாட்டு. ஹோண்டா ஏர்கிராஃப்ட் 2019-இல் 44,626 டாலர் கட்டியது, ஐடாரைத் தவறாகப் புரிந்துகொண்டு வேலை விளம்பரங்களில் குடியுரிமைக் கட்டுப்பாடு போட்டதற்கு.

முறை இப்படி இருக்கட்டும். விண்ணப்பத்தில், தேவையென்றால் எல்லோருக்கும் ஒரே கேள்வி: அமெரிக்கக் குடிமகன், நிரந்தர வசிப்பாளர், அகதி, அடைக்கலம் பெற்றவர், இவற்றில் ஒன்றா, ஆம் அல்லது இல்லை. எந்த ஒன்று என்று பிரித்துக் கேட்க வேண்டாம். வேலை உறுதியான பிறகு, "இல்லை" என்றவரிடம் மட்டும், அதுவும் கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பம் உள்ள பதவிக்கு மட்டும், குடியுரிமை விவரம் கேளுங்கள். ஐ-9 கோப்பு ஒரு கையில், ஏற்றுமதிக் கோப்பு இன்னொரு கையில். படிவம், ஊழியர், நகல் எதுவும் கலக்கக் கூடாது.

ஈசிசிஎன்_முத்து

மேடம், இப்போது பெரிய கேள்வி. அந்தக் கோர் வடிவமைப்புப் பொறியாளர் இப்போது வெளியிலிருந்து வருகிறாரா, ஏற்கெனவே உங்களிடம் ஓபிடியில் இருக்கிறாரா?

தேன்மொழி_எச்ஆர்

ஸ்டெம் ஓபிடியில் எங்களிடமேதான் இருக்கிறார்.

ஈசிசிஎன்_முத்து

அப்படியானால் வரிசை மாறுகிறது. ஓபிடி 12 மாதம், ஸ்டெம் நீட்டிப்பு 24 மாதம், இந்தக் காலம் முழுக்கப் பகுதி 6 கேள்வியே எழவில்லை, ஆனால் டீம்ட் எக்ஸ்போர்ட் விதி முதல் நாளிலிருந்தே ஓடியிருக்கிறது. முதலில் இன்றே அவருடைய அனுமதியை அந்தக் கோப்புறைகளிலிருந்து எடுங்கள், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டாம். லாக் எதையும் அழிக்காமல் நகல் எடுத்து வையுங்கள். கோப்புகளை உண்மையிலேயே 6ஈ001 என்று வகைப்படுத்த வேண்டுமா என்பதைப் பொறியியல் பிரிவும் ஏற்றுமதி வக்கீலும் சேர்ந்து முடிவு செய்யட்டும். குடிவரவு வக்கீல் வேறு, ஏற்றுமதி வக்கீல் வேறு. வகைப்பாட்டில் சந்தேகம் தீராவிட்டால் பிஐஎஸ்-இடமே முறைப்படி கேட்கலாம்.

வெளிப்படுத்தல் நடந்திருக்கிறது என்று தெரிந்தால் தானாக முன்வந்து தெரிவிக்கும் வழி இருக்கிறது. ஈஏஆரில் பெரிய மீறலுக்கு முதல் அறிவிப்பிலிருந்து முழு விவர அறிக்கைக்கு 180 நாள். ஐடாரில் 60 நாள். தெரிவிப்பது அபராதத்தைப் பெரிதும் குறைக்கும். தெரிவிக்காமல் முதல் பெட்டியை டிக் செய்தால் பழைய மீறலோடு பொய்ச் சான்றும் சேரும். ஈஏஆரில் தெரிந்தே செய்த மீறல் ஒவ்வொன்றுக்கும் 20 வருடச் சிறை, 10 லட்சம் டாலர் வரை போகலாம்.

அந்தப் பையனிடமும் நேராகப் பேசிவிடுங்கள். அனுமதி திடீரென்று போனால் தன் வேலை போகிறது என்றுதான் நினைப்பார். இது அவர் செய்த தப்பு இல்லை, உரிமம் வாங்க வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது.

தேன்மொழி_எச்ஆர்

புரிகிறது. நாளை காலை ஐடி பிரிவோடு பேசி அனுமதியை எடுக்கிறேன், ஆப் எழுதுபவருக்குத் தனியாகப் பகுதி 6 குறிப்பு தயார் செய்கிறேன். பழைய மனுக்களில் முதல் பெட்டி போட்ட மற்ற ஆறு பேர்?

மனுத்தாள்

ஆறு பேருக்கும் இதே சோதனை, பதவி வாரியாக. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் போதும்: பெயர், குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமை, பார்க்கும் தொழில்நுட்பம், அதன் ஈசிசிஎன், நாட்டுப் பட்டியல் முடிவு, விதிவிலக்கு இருந்தால் பிரிவு எண், வகைப்படுத்திய பொறியாளரின் கையெழுத்து, தேதி. இரண்டு சட்டமும் ஆவணத்தை 5 வருடம் வைத்திருக்கச் சொல்கின்றன. நீட்டிப்பு மனு வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து திரும்பப் பார்க்க வேண்டும், நகலெடுத்துத் தேதி மாற்றக் கூடாது. 2024 செப்டம்பரில் குவாண்டம் கணினிக்கும் சில சிப் உற்பத்திக் கருவிகளுக்கும் புதிய குறியீடுகளைச் சேர்த்தார்கள், அதற்கு முந்தைய தாள்கள் அந்தத் துறைக்காரர்களுக்கு இப்போது உதவாது.

ஈசிசிஎன்_முத்து

ஆறில் யாராவது கேமரா கோர் பக்கம் இருந்தால் அவரை முதலில் பாருங்கள். அவர்களில் கிரீன் கார்டு வந்துவிட்டவர் இருந்தால், வந்த தேதிக்கு முந்தைய காலத்தை மட்டும் பார்த்தால் போதும்.